விழுங்கிய பிறகு என்ன ஆகிறது? உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியர்களுக்கு,

நான் ஆசிரியை அல்ல. அரசு காசநோய்ப் பிரிவு ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் சளி பார்த்து ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன். ‘சளி பார்ப்பது’ என்றுதான் எங்கள் ஆட்கள் சொல்வோம். நோயாளி டப்பாவில் கொண்டுவருவதைக் கண்ணாடித் துண்டில் பூசி, உலர்த்தி, தீயில் காட்டி, கார்பால் ஃபுக்சின் ஊற்றி ஆவி வரும்வரை சூடாக்கி, அமிலத்தால் கழுவி, மெத்திலீன் புளூ விட்டு, எண்ணெய்ச் சொட்டு வைத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தெரிந்தால் பாசிட்டிவ். ஒன்றும் தெரியாவிட்டால், நூறு புலங்கள் நகர்த்திப் பார்த்த பிறகே நெகட்டிவ் என்று எழுதலாம். பாதிப் பேர் சளிக்குப் பதில் எச்சிலைத் துப்பிக்கொண்டு வருவார்கள். “அடி நெஞ்சிலேர்ந்து காறித் துப்புங்கய்யா” என்று தினமும் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு இதை எழுத வைத்தது ஒரு பெண் கேட்ட கேள்வி. பள்ளிச் சீருடையோடு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்; பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா லோடுமேன். அவருடைய ஸ்லைடில் ஒவ்வொரு புலத்திலும் பத்துக்கு மேல் குச்சிகள், அதாவது த்ரீ பிளஸ். சீட்டை வாங்கிக்கொண்டவள் போகாமல் நின்றாள். “மேடம், வெள்ளையணுவெல்லாம் போர்வீரர்கள்னு எங்க மிஸ் சொன்னாங்க. அப்பாவோட வீரர்கள் தோத்துட்டாங்களா? அவர் குடிக்கிறதாலயா?” அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தோக்கலைம்மா, கொஞ்சம் அசந்துட்டாங்க. மாத்திரை போட்டா முழிச்சுக்குவாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் தப்பு என்று அப்போதே ஓரளவு தெரியும். எவ்வளவு தப்பு என்று தெரிய மேலும் பல வருடங்கள் ஆயின.

நான் கேட்பது ஒன்றுதான். ‘வெள்ளையணு கிருமியை விழுங்கி அழிக்கிறது’ என்று சொன்னதும் பாடத்தை மூடிவிடாதீர்கள். இன்னும் ஒரு வகுப்பு ஒதுக்குங்கள். விழுங்கிய பிறகு என்ன ஆகிறது என்பதில்தான் காசநோயின் கதை முழுவதும் இருக்கிறது.

போர்வீரன் எங்கிருந்து வந்தான் என்று பார்த்தால் அது சுவையான கதை. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். அதே வருடக் கடைசியில், சிசிலித் தீவின் மெசினா நகரில், இலியா மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்யர் நட்சத்திர மீனின் கண்ணாடிபோன்ற இளம் உயிரிகளை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டார் சர்க்கஸ் பார்க்கப் போயிருந்தார்கள். உடலுக்குள் ஊர்ந்து திரியும் இந்த செல்கள் அந்நியப் பொருளைச் சூழ்ந்துகொள்ளுமோ என்று அவருக்கு ஒரு பொறி தட்டியது. தோட்டத்திலிருந்து ரோஜா முள்ளைப் பறித்து வந்து அந்தச் சிற்றுயிரின் தோலுக்கடியில் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றிக் கும்பலாக செல்கள். விழுங்கும் செல் என்ற கருத்து அங்கே பிறந்தது. 1908-ல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. கிருமியும் அதை விழுங்கும் செல்லும் ஒரே வருடத்தில் மனிதனுக்கு அறிமுகமாயின. மெட்ச்னிகாஃபின் முதல் மனைவி லுட்மிலா 1873-ல் காசநோயால்தான் இறந்தார். படையெடுப்பு, எதிர்த்தாக்குதல் என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்தே இந்தத் துறையில் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பாவில் அன்று எதைப் பேசினாலும் போரைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

போர்க் கதை பல கிருமிகளுக்குப் பொருந்தத்தான் செய்கிறது. பெருவிழுங்கு செல் என்ற வெள்ளையணு வகை ஒரு பாக்டீரியாவைச் சுற்றிக் கையை நீட்டி, உள்ளே இழுத்து, ஒரு பைக்குள் அடைக்கிறது. பிறகு லைசோசோம்கள் வந்து அந்தப் பையோடு இணைகின்றன. உங்கள் புத்தகங்கள் ‘தற்கொலைப் பைகள்’ என்று அழைக்கும் அவைதான். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் மட்டும் மறக்கவே மறக்காது. உள்ளே அமிலம் ஏறுகிறது, நொதிகள் கொட்டுகின்றன, பாக்டீரியா கரைகிறது. அத்தோடு படம் முடிந்தது. பெரும்பாலான கிருமிகளுக்கு இதுதான் நடக்கிறது.

காசநோய்க் கிருமிக்கு நடப்பதில்லை. இதை முதலில் கண்ணால் பார்த்தவர்கள் லண்டனில் ஆம்ஸ்ட்ராங்கும் ஃபிலிப் டார்சி ஹார்ட்டும், வருடம் 1971. எலியின் விழுங்கு செல்களுக்குக் காசநோய்க் கிருமியை ஊட்டி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். உயிருள்ள கிருமி இருக்கும் பையோடு லைசோசோம்கள் பெரும்பாலும் சேரவே இல்லை. செத்த கிருமி என்றால் தாராளமாகச் சேர்ந்தன. அதாவது உள்ளே போன கிருமி, தன்னைக் கரைக்க வேண்டிய லைசோசோமை வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. பையின் அமிலத்தன்மை ஏறாமல் பிஎச் 6-க்கு மேலேயே தங்கிவிடுகிறது என்பது 1990-களில் தெரிந்தது. ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை: டார்சி ஹார்ட் 1900-ல் பிறந்தவர். 1965-ல் காசநோய் ஆய்வுப் பிரிவின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு செய்த வேலை இது. 106 வயது வரை வாழ்ந்தார். ஓய்வுபெற்ற எனக்கு அவர் பெயரைப் படிக்கும்போதெல்லாம் ஒரு தெம்பு.

ஆக, விழுங்கு செல் கிருமிக்குச் சிறையும் இல்லை, சுடுகாடும் இல்லை. வீடு. கிருமியின் உடலைச் சுற்றி மைக்காலிக் அமிலம் என்ற மெழுகு போன்ற கொழுப்பு மதில் இருக்கிறது. நான் ஸ்லைடில் அமிலம் ஊற்றியும் அதன் சிவப்புச் சாயம் போகாததற்குக் காரணமே இந்த மதில்தான். வீட்டுக்குள் அது செல்லின் கொலஸ்டிராலைத் தின்றே காலம் தள்ளவல்லது. அவசரமும் கிடையாது. நம் குடலில் வாழும் இ-கோலை நல்ல சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய 20 மணி நேரம் வேண்டும். இந்த ஒப்பீட்டை வகுப்பில் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். ஒரு நாள் முடிவில் எத்தனை என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். ஆறு மாதம் ஏன் மாத்திரை என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தக் கணக்கிலேயே வந்துவிடும்.

அடுத்த திருப்பம் இன்னும் விசித்திரமானது. பைக்குள் இருப்பதோடு கிருமி நிற்பதில்லை. ஈஎஸ்எக்ஸ்-1 என்று ஆய்வாளர்கள் அழைக்கும் ஒரு சுரப்பு அமைப்பு அதனிடம் உண்டு. அதன் வழியாகச் சில புரதங்களை வெளியே தள்ளி, பையின் சவ்வைச் சிதைத்து, செல்லின் சைட்டோபிளாசத்துக்கே கிருமி வந்துவிட முடியும் என்று 2007-ல் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் செல் செத்துப்போகிறது. நம் எல்லோர் தோளிலும் தழும்பாக இருக்கும் பிசிஜி தடுப்பூசிக் கிருமியால் இதைச் செய்ய முடியாது. பிரான்சில் கால்மெட்டும் கெரானும் 1908-லிருந்து 1921 வரை, மாட்டுக் காசநோய்க் கிருமியை 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்துச் சாதுவாக்கினார்கள். எப்படிச் சாதுவானது என்று அவர்களுக்கே தெரியாது. பல பத்தாண்டுகள் கழித்து மரபணுவைப் படித்தபோதுதான், ஈஎஸ்எக்ஸ்-1 அமைப்பின் மரபணுக்கள் இருக்கும் ஒரு துண்டு வழியில் எங்கோ உதிர்ந்துபோயிருந்தது தெரிந்தது. தோளில் உள்ள தழும்பைக் காட்டிப் பாடம் நடத்தக்கூடிய செய்தி இது. புத்தகத்தில் இதைவிட நல்ல படம் கிடைக்காது.

இனி, இதையெல்லாம் கண்ணால் காட்டிய ஒரு மீன்குஞ்சுக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜில் லலிதா ராமகிருஷ்ணன் என்று ஒரு விஞ்ஞானி. நம் பத்திரிகைகளில் அவர் பெயர் வந்தால், சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனின் தங்கை என்ற அறிமுகத்தோடுதான் வரும். பல நேரம் அத்தோடு முடிந்தும் போகும். அவர் செய்ததைச் சொன்னால் அண்ணன் பெயரே தேவைப்படாது. மனித நுரையீரலுக்குள் உட்கார்ந்து கிருமியை வேடிக்கை பார்க்க முடியாது. வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். காசநோய்க் கிருமிக்கு மீன்களைத் தாக்கும் நெருங்கிய சொந்தக்காரன் ஒருவன் உண்டு: மைக்கோபாக்டீரியம் மரினம். அதைக் குஞ்சுக்குள் செலுத்தி, ஒளிரும் சாயம் சேர்த்து, உயிரோடு இருக்கும்போதே மணிக்கணக்கில் பார்க்கலாம். மெட்ச்னிகாஃப் கண்ணாடி உயிரியைத் தேடிப் போன அதே யோசனைதான்.

அப்படிப் பார்த்ததில் நூறு வருட நம்பிக்கை ஒன்று ஆட்டம் கண்டது. காசநோயில் நுரையீரலுக்குள் சிறு மணிபோலக் கட்டி உருவாகும், கிரானுலோமா என்பார்கள். விழுங்கு செல்கள் நெருக்கமாக ஒட்டிச் சுவர் எழுப்பி எதிரியை உள்ளே அடைத்திருக்கின்றன, கோட்டைச் சுவர் என்றுதான் எல்லோரும் படித்தோம். 2009-ல் வெளியான ஆய்வில் மீன்குஞ்சு வேறொன்றைக் காட்டியது. தொடக்க நாட்களில், கிருமி தங்கிய செல் சாகிறது. சாகும் செல்லை அள்ளித் தின்ன புதிய விழுங்கு செல்கள் ஓடிவருகின்றன. தின்னும்போது கிருமியையும் சேர்த்து விழுங்குகின்றன. ஒன்று செத்தால் இரண்டு மூன்று புது வீடுகள். சில செல்கள் கிருமியைச் சுமந்தபடி அங்கிருந்து கிளம்பி, வேறு இடத்தில் புதுக் கட்டி கட்டுகின்றன. ஆரம்பக் கட்டத்தில் அந்தக் கோட்டை எதிரிக்கே உதவுகிறது. பிற்காலத்தில் அதே கட்டி கிருமியை அடக்கி வைக்கவும் செய்கிறது என்பதும் உண்மை. வீரன், எதிரி என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் காட்சியை எப்படி விவரிப்பீர்கள்?

இதன் பிறகு 2012, 2013-ல் வந்த ஆய்வுகள்தான் என்னை உண்மையில் உலுக்கின. டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதம், செல்களைக் கிளப்பிவிடும் சமிக்ஞை. அது குறைந்தால் கிருமி பெருகுகிறது. மூட்டுவாதத்துக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்து போட்டவர்களுக்கு, உறங்கிக்கிடந்த காசநோய் எழுந்துவந்ததை 2001-லேயே மருத்துவர்கள் பதிவுசெய்திருந்தார்கள். சரி, அதிகமாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். மீன்குஞ்சில் டிஎன்எஃபைக் கூட்டினார்கள். விழுங்கு செல்லின் மைட்டோகாண்ட்ரியா கொதித்து, நச்சு ஆக்சிஜனைக் கக்க, முதலில் கிருமி சாகிறது. அடுத்து செல்லே வெடித்துச் சாகிறது. வெடித்த செல்லிலிருந்து தப்பிய கிருமிகள் வெளியே வந்து, செல்லுக்குள் பெருகியதைவிடத் தாராளமாகப் பெருகின. குறைந்தாலும் கெடுதி, கூடினாலும் கெடுதி. பொங்கல் பானைக்கு அடியில் எரியும் தீ மாதிரி.

லோடுமேனின் மகளுக்கு நான் சொன்னது எவ்வளவு தப்பு என்று இப்போது தெரிகிறதா? அவள் அப்பாவின் செல்கள் அசந்து தூங்கவில்லை. ஒருவேளை அளவுக்கு மீறித்தான் வேலை செய்திருக்கும். நுரையீரலில் குழி விழுவது, இரத்தம் துப்புவது, உடல் உருகுவது, இவற்றில் பெரும்பங்கு கிருமி நேரடியாகச் செய்வதில்லை. நம் உடலின் அழற்சி செய்வது. எலும்புருக்கி என்று அந்தக் காலத்தில் சரியாகத்தான் பெயர் வைத்தார்கள். இன்னொன்று: உலகத்தில் நாலில் ஒருவர் உடலில் இந்தக் கிருமி நுழைந்திருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் வாழ்நாள் முழுவதும் பார்த்தாலும் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குத்தான் நோய் வருகிறது. மீதிப் பேர் கிருமியோடு ஒரு சமரசத்தில் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள், தெரியாமலே. இதை யுத்தம் என்று எப்படிச் சொல்வது?

யுத்தக் கதையின் கெடுதல் வகுப்பறையோடு நின்றால் நான் இவ்வளவு தூரம் எழுதியிருக்க மாட்டேன். அது எங்கள் கவுன்ட்டருக்கு வரும். மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், பசி எடுக்கும், சளியில் கிருமி தெரியாது. “எதிரி ஓடிட்டான், அப்புறம் எதுக்கு மாத்திரை?” என்பார்கள். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதே என்று பயந்து நிறுத்துகிறவர்களும் உண்டு. அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், அவ்வளவே. செல்லுக்குள் நடப்பதை அறிந்தவருக்கு விஷயம் வேறு. விழுங்கு செல்லுக்குள் குடியேறிய பிறகு கிருமி, மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் பம்புகளை இயக்கத் தொடங்குகிறது. அதனால் அதே மருந்துக்குத் தாக்குப்பிடிக்கிறது என்று 2011-ல் லலிதா ராமகிருஷ்ணனின் குழு காட்டியது. இது மரபணு மாறி வரும் மருந்து எதிர்ப்பு அல்ல; குடியிருக்கும் இடத்தால் வரும் பிடிவாதம். சளியில் ஒன்றும் தெரியாத நாலாவது மாதத்திலும் அப்படிச் சில குடித்தனக்காரர்கள் உள்ளே இருக்கலாம். நான் நூறு புலம் பார்த்து நெகட்டிவ் எழுதியது, வாசலுக்கு வெளியே யாரும் நிற்கவில்லை என்பதற்கான சான்று மட்டுமே. வீட்டுக்குள் எட்டிப் பார்க்க என் நுண்ணோக்கிக்கு வழியில்லை. இப்போது வந்திருக்கும் சிபிநாட், ட்ரூநாட் இயந்திரங்கள் மரபணுவைத் தேடிப் பிடிக்கின்றன. ரிஃபாம்பிசின் வேலை செய்யுமா என்றும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றன. என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்கார இயந்திரங்கள். அவையும் சளியில் வந்ததைத்தான் பார்க்கின்றன.

அடுத்து சோறு. இங்கே சென்னைக்கு வர வேண்டும், ஏனென்றால் உலகமே சென்னைக்குத்தான் வந்தது. 1956-ல் சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு மையம் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேயர் அதை நடத்தினார். கேள்வி எளிமையானது: காசநோய்க்காரரை சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் கொடுத்துப் பார்ப்பதற்கும், நெருக்கடியான வீட்டில் வைத்து மாத்திரை மட்டும் கொடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறதா? சீட்டுக் குலுக்குவதுபோல நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் ஒரே மாத்திரைகள், ஒரு வருடம். 1959-ல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்கள், குறைவாகச் சாப்பிட்டும், பலர் வேலைக்குப் போய்க்கொண்டும், ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பது தொடர்ந்து கவனித்ததில் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடத் தொடங்கின. 1928-ல் மருத்துவர் சவரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியத்தின் பெயர் இன்று பலருக்கு ஒரு ரயில் நிலையம் மட்டுமே.

அந்தச் சென்னை முடிவால் கோடிக்கணக்கான ஏழைகள் வீட்டிலிருந்தபடியே குணமானார்கள். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் ஒரு பக்கவிளைவும் நேர்ந்தது. படுக்கையோடு சேர்த்துச் சாப்பாட்டையும் காசநோய் வைத்தியத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். மாத்திரை போதும் என்று ஆனது. ஆய்வு சொன்னதோ, மாத்திரை ஒழுங்காகப் போட்டால் கிருமி போய்விடும் என்பதை மட்டும். யாருக்கு நோய் வருகிறது, வந்தவர்களில் யார் முதல் இரண்டு மாதத்தில் சாகிறார்கள் என்ற கேள்விகளை அது கேட்கவே இல்லை.

அந்தக் கேள்விகளைக் கேட்க 60 வருடம் ஆனது. மங்களூரில் இருக்கும் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியர், சேத்துப்பட்டின் அதே ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து, ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் செய்த ரேஷன்ஸ் ஆய்வு 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளியானது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் வீட்டாருக்கும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும், கூடவே சத்து மாத்திரையும். மற்றொரு பிரிவின் வீட்டாருக்கு அது இல்லை. அரிசியும் பருப்பும் போன வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது; தொற்றைப் பரப்பும் நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். எந்தப் புதுத் தடுப்பூசிக்காவது இந்த எண் கிடைத்திருந்தால் தலைப்புச் செய்தியாகியிருக்கும். அரிசி, பருப்பு என்பதால் உள்பக்கத்துக்குப் போய்விட்டது.

அதே ஆய்வில் முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ ஆளுக்கு அது 2 கிலோதான். இங்கே ஒரு நிதானம் வேண்டும். எடை கூடியதால் பிழைத்தார்களா, பிழைக்கப்போகிறவர்கள் என்பதால் எடை கூடியதா? இந்த எண்ணை மட்டும் வைத்து அதைப் பிரிக்க முடியாது. வீட்டாருக்கு நோய் குறைந்ததோ குலுக்கல் முறையில் சோதித்த முடிவு, அதை நம்பலாம். இந்த வேறுபாட்டைப் பிளஸ் டூ பிள்ளைகள் புரிந்துகொண்டால், வாட்ஸ்அப் வைத்தியம் பாதி படுத்துவிடும்.

பட்டினிக்கும் விழுங்கு செல்லுக்கும் நடுவில் கோடு போட எனக்கும் ஆசைதான். எம்டார் என்று ஒரு புரதம், செல்லுக்குச் சத்து வருகிறதா என்று பார்த்து அதற்கேற்ப வேலையைக் கூட்டிக் குறைக்கும் மேஸ்திரி. அது இல்லாத மீன்குஞ்சின் விழுங்கு செல்கள், கிருமி நுழைந்தால் மைட்டோகாண்ட்ரியா தாங்காமல் சீக்கிரமே செத்துப்போகின்றன என்று 2022-ல் லலிதா ராமகிருஷ்ணனின் குழு எழுதியது. உடனே, ‘பசித்த செல் சாகிறது, அதனால்தான் பசித்தவனுக்கு டிபி’ என்று எழுதிவிடத் தோன்றும். எழுதக் கூடாது. மரபணுவை வெட்டிய மீன்குஞ்சு வேறு, ஒருவேளைச் சோறு உண்ணும் மனிதன் வேறு. நடுவில் இருக்கும் படிகளை யாராவது ஏறிப் பார்க்க வேண்டும். உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் ஏறினால் எனக்குச் சந்தோஷம்.

நம் மாநிலம் இதில் ஒன்றைச் செய்திருக்கிறது. 2022-ல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’. நோய் உறுதியான அன்றே, பெரிய பரிசோதனை எதுவும் இல்லாமல், எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்பதைப் பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை மருத்துவமனையில் சேர்த்துச் சாப்பாட்டோடு கவனிக்கிறார்கள். 1959-ல் வெளியே அனுப்பிய சாப்பாட்டுத் தட்டு, வேண்டியவருக்கு மட்டும், திரும்ப உள்ளே வந்திருக்கிறது. மத்திய அரசு நோயாளிக்குக் கொடுக்கும் சத்துணவுத் தொகை 2018-ல் மாதம் 500 ரூபாய். 2024 நவம்பரிலிருந்து 1,000. பருப்பு விற்கும் விலையில் அது எத்தனை நாளைக்கு வரும் என்று மாணவர்களையே கணக்குப் போடச் சொல்லலாம்.

தடுப்பூசி பற்றிக் கேட்பார்கள். சுருக்கமாகச் சொல்லுங்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பிசிஜியைச் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய் வராமல் காக்கிறது என்பதால் இன்றும் போடுகிறோம். எம்72 என்ற புதிய தடுப்பூசி முந்தைய கட்டச் சோதனையில் பாதிப் பேரைக் காத்தது. பெரிய சோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. 2023-ல் மட்டும் உலகில் 12.5 லட்சம் பேர் இந்நோயால் இறந்தார்கள், நோய் வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்ற எண்ணையும் சொல்லிவிடுங்கள்.

வருடா வருடம், காக் கிருமியை அறிவித்த மார்ச் 24 அன்று, பள்ளிகளில் ஓவியப் போட்டி நடக்கும். நடுவராகச் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன். வாள், கேடயம், துப்பாக்கி பிடித்த வெள்ளையணு, கொம்பு முளைத்த கிருமி. இந்த முறை தலைப்பை மாற்றிப் பாருங்களேன்: ‘விழுங்கிய பிறகு’. பாடம் நடத்தும்போது, லோடுமேனின் மகளைப்போல ஏதாவது ஒரு பிள்ளை தலையைக் குனிந்து நோட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையைப் பார்க்காதீர்கள். கரும்பலகையைப் பார்த்தே பேசுங்கள். அதன் காதுக்கு எல்லாம் போய்ச் சேரும்.

கூப்பிட்டால் வருகிறேன், பஸ் காசு கூட வேண்டாம். காசநோய் ஸ்லைடு எதுவும் கொண்டுவர மாட்டேன், அது பள்ளிக்குள் வரக் கூடாது. உங்கள் ஆய்வகத்தில் ஓடுகிற நுண்ணோக்கி ஒன்று இருந்தால் போதும். அமீபா இரையைச் சுற்றிக் கை நீட்டி விழுங்குவதை உயிரோடு காட்டலாம். நுரையீரலுக்குள் நடப்பதும் அச்சாக அதே செயல்தான். கொஞ்சம் பொறுமையாகத் தேட வேண்டும். பாசி படிந்த குளத்துத் தண்ணீரை, அடியில் இருக்கும் இலைக்குப்பையோடு, இரண்டு மூன்று நாள் முன்பே ஒரு பாட்டிலில் பிடித்து நிழலில் வைத்திருங்கள். மூடியை இறுக்கி விடாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற ஒரு லேப் டெக்னீசியன்